நீர்வண்ணப் படம் அச்சுக்குப் போகும்போது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரம் பக்கம் இருந்துகொண்டு நீர்வண்ணத்தில் வரைகிறேன். அந்தப் படங்கள் பிறகு வாழ்த்து அட்டையாக, காலண்டராக, கல்யாணப் பத்திரிகையாக, சில சமயம் சேலையாகவும் துப்பட்டாவாகவும் அச்சாகின்றன. கண்காட்சியிலும் போனிலும் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். சிலவற்றுக்குப் பதில் நீளம். சிலவற்றுக்கு இரண்டு வரிதான்.

எதைப் பார்த்து வரைகிறீர்கள்?

பெரும்பாலும் ஆறு, வயல், பனை. அழகான இடமாகத் தேடிப் போவது குறைவு. போன இடத்துக்கே மறுபடி மறுபடி போவேன். ஒரே படித்துறையைக் கார் போக நெல் நடவின்போது ஒரு தடவையும் பிசானப் போக அறுவடையின்போது ஒரு தடவையும் வரைந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், இரண்டும் ஒரே இடம் என்று எங்கள் தெருக்காரர்களே நம்புவதில்லை. நாற்றங்கால் பச்சைக்கு எலுமிச்சை மஞ்சளில் துளி நீலம் போதும். கதிர் வாங்கியபின் அதே வயலுக்குச் செங்காவி சேர்க்காமல் முடியாது.

வருடம் ஒரு தடவையாவது கூந்தன்குளம் போய்விடுவேன். நாங்குநேரிப் பக்கம் உள்ள ஊர். நாரைகள் அங்கே குளத்தோடு நிற்பதில்லை, வீட்டு முற்றத்து மரத்திலேயே கூடு கட்டும். பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. மஞ்சள்மூக்கு நாரையை வரைய உட்கார்ந்தபோதுதான் நீர்வண்ணம் என்றால் என்னவென்றே எனக்குப் பிடிபட்டது. பறவையின் உடம்பு வெள்ளை. நீர்வண்ணத்தில் வெள்ளைக்குத் தனியாகச் சாயம் கிடையாது. பெட்டியில் ஒரு டியூப் கொடுப்பார்கள்தான். நான் அதைத் திறப்பதே இல்லை. தாளின் வெள்ளையேதான் நாரையின் வெள்ளை. ஆகவே சுற்றியுள்ள உடைமரத்து இலை, வானம், கிளை நிழல் எல்லாவற்றையும் வரைந்துவிட்டு நாரையை மட்டும் தொடாமல் விட்டுவிட வேண்டும். இறக்கையில் கொஞ்சம் கருப்பு, வால் பக்கம் ஒரு இளஞ்சிவப்பு, அலகுக்கு மஞ்சள். பறவையின் மேல் தூரிகை படுவது அவ்வளவுதான்.

கீழே அச்சைப் பற்றிச் சொல்லப்போவதெல்லாம் சுற்றிச் சுற்றி இந்த வெள்ளையிடமே வந்து நிற்கும்.

யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?

யாராவது வெளிநாட்டு ஓவியர் பெயரை எதிர்பார்த்துத்தான் கேட்கிறார்கள். என் முதல் பாடம் ஆச்சி வீட்டுப் பத்தமடைப் பாய். கோரையை ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்காக ஊறப்போட்டு, மெலிதாகக் கீறி, பருத்தி நூல் பாவில் நெய்கிற பாய் அது. நல்ல பாயை மடித்தால் துணி மாதிரி மடங்கும். அதில் சாயம் ஏற்றிய கோரை இரண்டு மூன்று நிறம்தான். மிச்ச இடமெல்லாம் கோரையின் சொந்த நிறம், அதாவது காய்ந்த வைக்கோல் நிறம். அந்த வெறும் இடம் பாதிக்கு மேல் இருப்பதால்தான் கரையில் ஓடும் சிவப்பு அப்படி எடுப்பாக இருக்கிறது. இதைச் சின்ன வயதில் யாரும் எனக்கு விளக்கவில்லை. பாயில் படுத்துக்கொண்டு கரையை விரலால் எண்ணிய பழக்கம், பிறகு டிசைன் போடும்போது தானாக வந்து நின்றது.

அடுத்தது திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் நாயக்கர் காலச் சுவரோவியங்களும் மரச்சிற்பங்களும் இருக்கின்றன. கப்பலில் குதிரைகள் வந்திறங்கும் காட்சி அங்கே பிரபலம். தூரத்தில் இருப்பது சிறிது, கிட்டத்தில் இருப்பது பெரிது என்கிற கணக்கெல்லாம் அந்தச் சுவரில் செல்லாது. குதிரை, ஆள், கப்பல் எல்லாம் ஒரே தளத்தில் நெருக்கியடித்து நிற்கும், ஆனால் எதுவும் எதோடும் குழம்பாது. துணிக்கு டிசைன் போட உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்தச் சுவர்தான் ஞாபகம் வரும்.

மூன்றாவது, பூசை அறைக் காலண்டர். கோவில்பட்டியில் வாழ்ந்த சி. கொண்டைய ராஜு (1898–1976) வரைந்த சாமி படங்கள் சிவகாசியில் அச்சாகித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள் போய்ச் சேர்ந்தன. கோவில்பட்டி இப்போது தூத்துக்குடி மாவட்டம்; 1986 வரை திருநெல்வேலி மாவட்டம்தான், ஆகையால் அவரை எங்கள் ஊர்க்காரர் என்று சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. மூலப்படத்தைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? அச்சைத்தான் எல்லாரும் கும்பிட்டார்கள். அச்சு என்றால் இரண்டாம் தரம் என்று யாராவது சொல்லும்போது நான் இதை நினைத்துக்கொள்வேன். குற்றாலத்துச் சித்திர சபையில் நடராசரே சுவரில் தீட்டிய ஓவியமாகத்தான் இருக்கிறார். படத்தைக் கும்பிட்டுப் பழகிய பகுதி இது.

நீர்வண்ணப் படத்தை அப்படியே அச்சில் கொண்டுவர முடியாதா?

இருநூறு வருடத்துக்கும் மேலான கேள்வி இது. 1792-இல் ஆங்கிலேய ஓவியர் தாமஸ் டேனியல், அவருடைய சகோதரர் மகன் வில்லியம் இருவரும் இந்தப் பக்கம் வந்து பாபநாசம், குற்றாலம் அருவிகளை வரைந்தார்கள். ஊர் திரும்பி, 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 இந்தியக் காட்சிகளை அக்வாடின்ட் முறையில் அச்சிட்டு வெளியிட்டார்கள். செப்புத் தகட்டில் பிசின் தூளைத் தூவி, சூடாக்கி ஒட்டவைத்து, அமிலத்தில் அரிக்கவிடுவது அந்த முறை. அரித்த புள்ளிகள் மை பிடித்து, நீர்த்த வண்ணத்தை இழுத்துவிட்ட மாதிரி ஒரு சாயல் தரும். அதற்கு மேல் கையால் வண்ணம் பூசுவார்கள். அவர்களுக்கும் ஈரத்தை அச்சிட முடியவில்லை. ஈரம் போலத் தெரிகிற ஒன்றைச் செய்தார்கள்.

இன்றைய ஆஃப்செட் அச்சும் நீர்வண்ணமும் ஒரு வகையில் பங்காளிகள். நீலம், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்று நான்கு மை. நான்கும் ஒளி ஊடுருவும் மைகள். ஒன்றின் மேல் ஒன்று படிந்து நிறம் கூடும். வெள்ளை மை கிடையாது, தாள்தான் வெள்ளை. கேட்பதற்கு ஒத்துப்போகிற மாதிரிதானே இருக்கிறது? பங்காளிச் சண்டை எங்கே வருகிறது என்று சொல்கிறேன்.

ஒன்று, மெலிந்த வண்ணம். விடியற்கால வானத்துக்கு நான் ஒரு குவளைத் தண்ணீரில் தூரிகை நுனியளவு ரோஜாச் சிவப்பு கலப்பேன். கண்ணுக்கு அது தெரியும். அச்சில் அது மிகச் சின்னப் புள்ளிகளாக மாறும். ஒன்று காணாமல் போகும், இல்லாவிட்டால் அழுக்காகத் தெரியும். இரண்டு, பளிச்சென்ற சில நிறங்கள். மயில் கழுத்து நீலம், ஓபரா பிங்க், அல்ட்ராமரின் இதெல்லாம் நான்கு மைக்குள் அடங்காது. திரையில் ஜொலிக்கும், தாளில் மங்கிவிடும். மூன்றாவது தாளின் சொரசொரப்பு. ஸ்கேனர் விளக்கு பக்கவாட்டில் விழுவதால் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு நிழல் விழும். வெள்ளையாக இருக்க வேண்டிய இடம் சாம்பல் பூத்துவிடும்.

அச்சில் கெட்டுப்போன அனுபவம் உண்டா?

உண்டு. முதல் காலண்டர். மார்கழிக் காலையில் ஆறு, பனிமூட்டம், நடுவில் ஒரு கொக்கு. முக்கால் பங்கு வெறும் தாள். டிடிபி செய்த பையன் "கொஞ்சம் பளிச்சுனு இருக்கட்டும்க்கா" என்று ஏற்றிவிட்டான், பனி போய்விட்டது. நான் புரூஃபை, அதாவது மாதிரி அச்சை, போனில் பார்த்துச் சரி சொன்னேன். அது என் தப்பு. அதற்கு மேல், செலவைக் குறைக்க மலிவான மேப்லித்தோ தாளுக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். 500 காலண்டரும் அடித்து முடிந்தபின் போய் நின்றால், கொக்கு வெளிறிய மஞ்சளில் இருக்கிறது.

"அண்ணாச்சி, கொக்கு வெள்ளையா இருக்கணும்லா?" என்றேன்.

மெஷின்காரர் ஒரு தாளை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். "யம்மா, பேப்பரே பழுப்பு. இதுல நீங்க எந்த வெள்ளையக் கேக்கிய?"

அன்றைக்கு எரிச்சலாக இருந்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விதான் இப்போது என் வேலை முறையே. எந்தத் தாளில், எந்தத் துணியில் அச்சாகப் போகிறது என்று முதலில் தெரிந்துகொள்கிறேன். அதன் வெறும் துண்டு ஒன்றை வாங்கி மேசையில் வைத்துக்கொண்ட பிறகுதான் வரைய உட்காருகிறேன். பழுப்புத் தாள் என்றால் அதில் கொக்கு வேண்டாம், பனங்காடு வரையலாம்.

அப்படியானால் அச்சுக்கு எப்படித் தயார் செய்கிறீர்கள்?

படம் முழுக்கக் காய்ந்து ஒரு நாள் ஆனபின் 600 டிபிஐயில் ஸ்கேன் செய்வேன். என்னிடம் இருப்பது ஏ4 ஸ்கேனர். பெரிய படத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்டவேண்டும். எல்லாத் துண்டுக்கும் தாளை ஒரே திசையில் வைக்காவிட்டால் நிழல் மாறி ஒட்டு தெரியும். தானியங்கித் திருத்தம் எதையும் தொடமாட்டேன். தாளின் வெள்ளையை மட்டும் மெதுவாகத் தூக்கி, மெலிந்த வண்ணம் தொடங்கும் இடத்துக்கு முன்னால் நிறுத்துவேன். அரை மணி நேரம் அந்த ஒரு விளிம்புக்கே போகும்.

நான்கு மைக்கு மாற்றும்போது எந்த நிறம் செத்துவிழுகிறது என்று பார்த்து, சில சமயம் படத்தையே திரும்ப வரைவேன். அச்சுக்கு என்று வரைகிறபோது மிக மெலிந்த வண்ணத்தை ஒரு படி அழுத்தமாகவே போடுகிறேன். சுவரில் மாட்டும் மூலப்படத்துக்கு அப்படிச் செய்வதில்லை. எழுத்து இருந்தால் அது கருப்பு மையில் மட்டும் வரவேண்டும். நான்கு மையும் சேர்ந்த கருப்பில் சின்ன எழுத்து போட்டு, ரிஜிஸ்டர், அதாவது நான்கு மையும் ஒரே இடத்தில் விழும் பொருத்தம், கொஞ்சம் விலகினால் எழுத்துக்குச் சிவப்பு மீசை முளைக்கும். ஓரத்தில் வெட்டுவதற்கு 3 மி.மீ. கூடுதலாக விடுகிறேன். புரூஃபை நேரில் போய், ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன். போனில் பார்ப்பதை விட்டுவிட்டேன்.

என்ன தாள், என்ன வண்ணம்?

300 ஜிஎஸ்எம் கனமுள்ள பருத்தித் தாள், லேசான சொரசொரப்பு உள்ள கோல்டு பிரஸ் வகை. பயிற்சிக்கு மலிவான தாள் போதும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மலிவான தாளில் தண்ணீர் ஓடும் விதமே வேறு, அதில் பழகியதை மறுபடி மறக்கவேண்டியிருக்கும். ஒரு நல்ல தாளை எட்டாகக் கிழித்துப் பழகுங்கள்.

வண்ணத்தில் டியூப்பின் மேல் அச்சிட்டிருக்கும் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிஆர் 83 என்று இருந்தால் அது பழைய அலிசரின் கிரிம்சன், வெளிச்சத்தில் வெளுக்கும். அதற்குப் பதில் குயினாக்ரிடோன் வகைச் சிவப்பு வைத்திருக்கிறேன். எங்கள் போர் தண்ணீர் உப்பு. காய்ந்தால் வாஷின் (நீர்த்த வண்ணப் பூச்சின்) மேல் வெள்ளையாகப் பொரியும். ஆகவே குடிதண்ணீரில்தான் தூரிகை கழுவுகிறேன், அம்மாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு.

தேரி மண்ணில் வண்ணம் செய்தீர்களாமே?

ஆமாம், ஒரு விளையாட்டாக. தேரி என்பது செம்மணல் மேடு. திசையன்விளைப் பக்கத்துத் தேரிக்காட்டின் சிவப்புக்குக் காரணம் மணலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடு. வண்ணப் பெட்டியில் உள்ள பர்ன்ட் சியன்னாவுக்கும் நிறம் தருவது அதே பொருள்தான். மண்ணைத் தண்ணீரில் கலக்கினால் மணல் உடனே அடியில் இறங்கிவிடும். கலங்கலாக நிற்கும் தண்ணீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டால், அடியில் படிகிற வண்டல்தான் நிறமி. காயவைத்து அரைத்து, கருவேலம் பிசினும் சொட்டுத் தேனும் சேர்த்தேன். ஒரு வாளி மண்ணுக்கு ஒரு தீப்பெட்டி அளவு வண்ணம் கிடைத்தது. தேரியை வரையும்போது மட்டும் அதைத் தொடுகிறேன்.

நம் ஊர் வெயிலில் நீர்வண்ணம் வரைய முடிகிறதா?

அக்னி நட்சத்திரத்தில் வாஷை இழுத்து முடிப்பதற்குள் மேல்பாதி காய்ந்து கோடு விழும். தாளின் பின்பக்கத்தையும் நனைத்துக்கொண்டு, காலை ஏழு மணிக்குள் முடிப்பேன். ஆனி, ஆடியில் தென்காசி, குற்றாலம் பக்கம் போனால் நேர் எதிர்: சாரலில் எதுவும் காயாது. முதல் வாஷ் போட்டுவிட்டு பார்டர் ரொட்டி சாப்பிட்டு வந்தாலும் ஈரம் அப்படியே இருக்கும். சாரல் படங்களில் விளிம்பே இல்லாமல் எல்லாம் கரைந்திருக்கிறதே என்று பாராட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன், அதில் என் திறமை பாதிதான்.

துணிக்கு டிசைன் எப்படிப் போடுகிறீர்கள்?

நொங்கு டிசைனை வைத்தே சொல்கிறேன், அதைத்தான் எல்லாரும் கேட்கிறார்கள். நொங்கைச் சீவினால் மூன்று கண். கண் கிட்டத்தட்ட வெறும் தாள். ஒரு பக்கம் மட்டும் லேசான நீலச் சாம்பல் நிழல். வெளி ஓட்டுக்கு ஊதாவும் கருப்பும், வெட்டுவாயில் பச்சை. ஒரு காயாக வரைந்தபோது எடுப்பாக இருந்தது. அதையே நூறு தடவை திரும்பவைத்துத் துணியில் அடித்துக் கொடியில் காயப்போட்டு, பத்தடி தள்ளி நின்று பார்த்தால், நொங்கைக் காணோம். கண்களின் வெள்ளையெல்லாம் சேர்ந்து சாய்வாகக் கோடு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் இருக்கும் வெறும் இடம் வேறு. அது திரும்பத் திரும்ப வரும்போது உண்டாகிற வெறும் இடம் வேறு. இரண்டாவதைத்தான் வரையவேண்டும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு ஒவ்வொரு காயையும் வேறு வேறு பக்கம் திருப்பி வரைந்தேன். ஒன்றில் இரண்டு கண்தான் தெரியும், ஒன்று கவிழ்ந்திருக்கும். இடையில் குருத்தோலைத் துண்டுகள். ஒரு வரிசைக்கு அடுத்த வரிசையைப் பாதி உயரம் இறக்கி வைத்தேன். ஹாஃப் டிராப் என்பார்கள். கோடு உடைந்தது.

இப்படித் துணி முழுக்கத் திரும்பத் திரும்ப வரும் ஒரு கட்டத்தை ஒட்டுத் தெரியாமல் செய்யப் பழைய வழி ஒன்று உண்டு. தாளின் நடுவில் வரைந்து, தாளை நாலாக வெட்டி, மூலைகளை இடம் மாற்றி ஒட்டினால் வரைந்ததெல்லாம் ஓரத்துக்குப் போய் நடு காலியாகும். அந்தக் காலியை நிரப்பினால் கட்டம் தயார். பென்சிலுக்கு இது அருமை. நீர்வண்ணத்தில் பின்னணி வாஷ் வெட்டிய இடத்தில் பொருந்தாது. அதனால் பென்சிலில் இந்த வழியில் அமைப்பைப் பார்த்துக்கொண்டு, காய்களைத் தனித்தனியாக வெள்ளைத் தாளில் வரைந்து, கம்ப்யூட்டரில் அடுக்குகிறேன்.

அச்சு முறையும் டிசைனை மாற்றும். சுழலும் உருளையால் துணியில் அடிப்பது ரோட்டரி ஸ்க்ரீன். அந்த உருளையின் சுற்றளவு பொதுவாக 64 செ.மீ.; கட்டத்தின் உயரம் 64, 32, 16 என்று அதற்குள் அடங்கவேண்டும். நிறத்துக்கு ஒரு ஸ்க்ரீன் என்பதால் வாஷின் இறக்கமெல்லாம் அங்கே நடக்காது. ஸ்க்ரீனுக்கு என்றால் நான் ஆச்சி வீட்டுப் பாய்க்குப் போய்விடுவேன்: இரண்டு நிறம், மிச்சம் துணியின் சொந்த நிறம். வாஷ் அப்படியே வேண்டுமென்றால் டிஜிட்டல் பிரிண்ட். பருத்திக்கு இழையோடு பிணைகிற ரியாக்டிவ் மையில் அடித்து, ஆவியில் வைத்து, அலசுவார்கள். அலசியபின் நிறம் மாறும், ஆகவே அரை மீட்டர் அடித்துத் துவைத்துப் பார்க்காமல் முழு நீளத்துக்குச் சரி சொல்லாதீர்கள். நொங்கு டிசைனைக் கடைசியில் வெளுக்காத காடாத் துணியில் அடித்தேன். கண்கள் பதநீர் நிறத்தில் வந்தன. வெள்ளையைவிட அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

சேலைக்கு?

ஐந்தரை மீட்டர் முழுக்க ஒரே கட்டம் ஓடினால் கட்டுகிறவருக்கு அலுத்துவிடும். முந்தியில் பெரிய படம், உடலில் சிதறலாக நாலைந்து காய், கொசுவம் வருகிற இடம் கிட்டத்தட்ட வெறுமையாக. மடிப்புக்குள் போய் ஒளியும் இடத்தில் நான் ஏன் உழைக்கவேண்டும்?

கல்யாணப் பத்திரிகைக்கு வரைந்து தருவீர்களா?

தருவேன். இரண்டு நிபந்தனை. மூலைக்கு மஞ்சள் தடவப்போகிறீர்கள் என்றால் முன்னாலேயே சொல்லுங்கள். மூலையில் படம் வைக்காமல் விடுகிறேன், லேமினேஷனும் வேண்டாம், அதில் மஞ்சள் ஒட்டாமல் வழித்துக்கொண்டு வரும். இரண்டாவது, பெயர்ப் பட்டியல் முடிவான பிறகு வாருங்கள். "ஒரு சித்தப்பா விட்டுப்போச்சு, ஆத்துக்கு மேல வானத்துல எடம் இருக்குல்லா" என்று கேட்டவர்கள் உண்டு. அந்த வானத்துக்குத்தான் நான் மெனக்கெட்டிருப்பேன்.

மூலப்படம் வாங்குவதா, பிரிண்ட் வாங்குவதா?

கையில் இருக்கும் காசைப் பொறுத்தது. பருத்தித் தாளில் நிறமி மையில் அடித்த பிரிண்ட் நன்றாகவே நிற்கும். எதுவானாலும் மேற்கு வெயில் விழும் சுவரில் மாட்டாதீர்கள், கண்ணாடிக்கும் படத்துக்கும் நடுவில் அட்டை வைத்து இடைவெளி விடுங்கள். ஒட்டியிருந்தால் ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிக்கும்.

வாட்ஸ்அப்பில் வந்த உங்கள் படத்தை பேனருக்கு எடுத்துக்கொள்ளலாமா?

கேட்டுவிட்டு எடுங்கள். படத்தை விற்றாலும், எழுதிக் கொடுக்காதவரை பதிப்புரிமை வரைந்தவரிடம்தான் இருக்கும். நம் சட்டப்படி வாழ்நாளும் அதற்குப்பின் 60 வருடமும். போக, வாட்ஸ்அப்பில் சுருங்கிப்போன படத்தைப் பத்தடிக்குப் பெரிதாக்கினால் என் நாரை கட்டம் கட்டமாக நிற்கும். அதைத் தெருமுனையில் பார்க்க எனக்கு மனசு வராது.

காலண்டருக்கு எப்போது சொல்லவேண்டும்?

சிவகாசியில் ஆடிப்பெருக்கன்றே அடுத்த வருடக் காலண்டர் ஆல்பம் வெளிவந்துவிடும். எனவே சித்திரைக்குள் சொல்லிவிடுங்கள். கார்த்திகையில் போன் செய்து "தைக்குள்ள கிடைக்குமா" என்று கேட்டால், ஸ்டாக்கில் அந்தப் பழுப்புக் கொக்குக் காலண்டர்தான் இருக்கிறது. பின்பக்கம் எழுதிக்கொள்ள நல்ல தாள்.